மலை சொன்னால் கழுதை வரும்: பஷ்தோ பழக ஒரு தொடக்கம்

கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து "ஈட்டிக்காரன் மாதிரி வந்து நிக்கிறான்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஈட்டிக்காரன் வேறு யாருமில்லை, வட்டிக்குப் பணம் விட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்த பட்டாணியன்தான். பட்டாணி என்றதும் நமக்குச் சுண்டல் ஞாபகம் வருவது வேறு விஷயம். இந்தியாவில் பட்டாணியர், பட்டான் என்று அழைக்கப்பட்டவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் பஷ்தூன். அவர்கள் மொழி பஷ்தோ.

நான் இந்த மொழியின் வாசலில் போய் நின்றது சார்ஜாவில் வேலை பார்த்த நாட்களில். அங்கே டாக்சியில் ஏறினால் ஓட்டுநர் பெஷாவர்ப் பக்கத்துக்காரராக இருப்பது சர்வ சாதாரணம். ஒருநாள் துபாயின் தேரா பகுதியில் ஏறி உட்கார்ந்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே வாக்கியத்தை எடுத்து விட்டேன்: "ஸ்தடய் ம ஷே." அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே "ஃக்வார் ம ஷே" என்றார்.

வழியில் எதிர்ப்பட்டவருக்குச் சொல்லும் வணக்கம் அது. "களைத்துப் போகாமல் இரு" என்று பொருள். "வறுமைப்படாமல் இரு" என்பது பதில். மலைப்பாதையில் நடந்து வருகிறவனிடம் வேறு என்ன கேட்பது? பெண்ணிடம் சொல்லும்போது "ஸ்தடய்" என்பது "ஸ்தடே" என்று மாறும். பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண்பால் பெண்பால் பார்க்கிற மொழி இது என்பதை முதல் வாக்கியத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று குழப்பங்களை முதலில் தீர்த்துவிடலாம். பஷ்தோ அரபியும் இல்லை, உருதுவின் கிளையும் இல்லை. எழுத்து மட்டும்தான் அரபு எழுத்தின் வழி வந்தது, வலமிருந்து இடமாக எழுதுவது. மொழியின் குடும்பம் ஈரானியக் கிளையின் கிழக்குப் பகுதி. பாரசீகத்துக்கு ஒன்றுவிட்ட உறவு, சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு. அடுத்தது, ஆப்கானியர் எல்லாரும் பஷ்தூன் இல்லை. தாஜிக், ஹஸாரா, உஸ்பெக் என்று பலர் அங்கே உண்டு. பஷ்தூன்களும் எல்லாரும் ஆப்கானியர் இல்லை. 1893-இல் ஆங்கிலேயரும் காபூல் அமீரும் ஒப்புக்கொண்டு கிழித்த டூரண்டு கோடு அவர்கள் நிலத்தின் நடுவே ஓடுகிறது. இன்று ஆப்கானிஸ்தானைவிடப் பாகிஸ்தானில்தான் பஷ்தூன்கள் அதிகம். கைபர் பக்துன்குவா மாகாணத்தின் பெரும்பகுதி, பலூசிஸ்தானின் வடபகுதி, பிறகு கராச்சி.

தூரத்து உறவு என்றேனே, அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பழைய சொல்லில் இருந்த "த" பஷ்தோவில் பல இடங்களில் "ல" ஆகிவிட்டது. இந்த ஒரு சாவி போதும். தசம் என்றால் பத்து, பஷ்தோவில் "லஸ்". சதம் என்றால் நூறு, அங்கே "ஸல்". பிதா "ப்லார்" ஆனார். மாதா மட்டும் இந்தச் சாவிக்கு அடங்காமல் "மோர்". எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர். பஷ்தோவில் "ஓப". பஞ்ச பூதத்தில் இரண்டாவதாக அப்பு என்று ஒன்றைச் சொல்கிறோமே, திருவானைக்காவை அப்புத் தலம் என்கிறோமே, அதே அப்புதான். சமஸ்கிருதத்தில் அந்தச் சொல் எப்போதும் பெண்பால் பன்மை. பஷ்தோவிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அங்கே "இருக்கிறது" இல்லை, "இருக்கின்றன". ஒரு டம்ளராக இருந்தாலும்.

இனி ஒலிகள். பஷ்தோவா, பக்தோவா? இரண்டும் சரி. பெயரின் நடுவில் நிற்கும் எழுத்தை காந்தஹாரில் நாக்கை மடித்து "ஷ" என்பார்கள். நம் கிரந்த "ஷ" கிட்டத்தட்ட அதுவேதான். பெஷாவர்ப் பக்கம் போனால் அதே எழுத்து தொண்டையிலிருந்து வரும் "ஃக" ஆகிவிடும். பஷ்தோ பக்தோ ஆவதும், பெஷாவர் ஊரையே அவர்கள் "பேஃகவர்" என்பதும் இதனால்தான். இந்த எழுத்துக்கு ஒரு ஜோடி உண்டு. காந்தஹாரில் அது நம் "ழ"வை வண்டு ரீங்காரத்தோடு சொன்னது போலிருக்கும். பெஷாவரில் சாதாரண "க" ஆகிவிடும், கங்கையில் முதலில் வருகிற க. ஆறு என்ற எண் அங்கே "ஷ்பழ்", இங்கே "ஷ்பக்". எழுதும்போது இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்துதான். இந்த இரண்டு எழுத்துகளுக்கும் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி இருக்கும். சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம்.

தமிழ் நாக்குக்கு இந்த மொழியில் ஒரு சலுகை இருக்கிறது. ஐரோப்பியர் மாதக்கணக்கில் தடுமாறுகிற "ட", "ண" ஒலிகள் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. "படம்" சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தட்டிவிட்டு இறங்குகிறதே, "ஸ்தடய்"யில் வருவது அதுதான். ஆப்பிளுக்கு "மண" என்று பெயர். மூன்று சுழி ண. எழுத்திலும் இதற்கு அழகான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். த, ர, ந போன்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு சின்ன வளையம் போட்டால் நாக்கை மடி என்று அர்த்தம். உருதுவில் இதற்கு எழுத்தின் தலைமேல் குட்டியாக இன்னொரு எழுத்தை ஏற்றுவார்கள். வளையம் பார்த்தால் அது பஷ்தோ. ககர எழுத்து ஒன்றுக்கும் வளையம் போடுவார்கள், அது மட்டும் விதிவிலக்கு.

சலுகை அதோடு முடிந்தது. நமக்கு வினை வைப்பது க. தமிழில் ஒரே க-வை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம். அங்கே "கார்" என்றால் வேலை. அதே தொடக்கத்தை "எஃகு" சொல்லும்போது வரும் காற்றோடு சேர்த்து "ஃகர்" என்றால் கழுதை. வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் நீர் உருளுமே, அந்த ஒலியில் தொடங்கி "கர்" என்றால் மலை. ஆப்கான் எல்லையில் "ஸ்பீன் கர்" என்றொரு மலைத்தொடர் உண்டு, வெள்ளை மலை என்று பொருள். அதே டாக்சி ஓட்டுநரிடம் என் அறிவைக் காட்ட, உங்கள் ஸ்பீன் கர் மிக அழகாமே என்று பாதி உருதுவில் ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து வந்தது வெள்ளைக் கழுதை. மனிதர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு அல் நஹ்தா சிக்னல் வரைக்கும் என்னை "கர்", "ஃகர்" என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார். பத்துக்கு மூன்று சரியாக வந்தது.

சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் முட்டிக்கொண்டு நிற்பது இன்னொரு தொல்லை. சூரியன் "ல்மர்". இதயம் "ஸ்ட", அதன் ஸ-வைத் தேனீ போல அதிரவிட வேண்டும். பள்ளிக்கூடத்தை "இஸ்கூல்" ஆக்கிய நம் நாக்கு சூரியனையும் "இல்மர்" ஆக்கத்தான் பார்க்கும். பழகப் பழகப் போய்விடும். ஆறுதலாக ஒன்று: "ஃப" என்பதை அவர்களும் பேச்சில் பெரும்பாலும் "ப" என்றுதான் சொல்வார்கள்.

இலக்கணத்தில் பயப்படப் பாதி, சிரிக்கப் பாதி. வாக்கியத்தின் வரிசை நம்முடையதுதான்: நான், சாப்பாடு, சாப்பிடுகிறேன். "ஸ டோடை ஃக்வரம்." டோடை என்றால் ரொட்டி. சாப்பாட்டுக்கும் அதுவே பெயர், நாம் "சோறு தின்னாச்சா" என்று கேட்பது மாதிரி. "வீட்டில்" என்று நாம் ஒரு உருபை வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் வீட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள்: "ப கோர் கே". கோர் வீடு, முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு.

நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் கொடுத்தல் வினை. பஷ்தோவில் "ரா" என்றால் என் பக்கம், "தர்" உன் பக்கம், "வர்" அவன் பக்கம். இவற்றை வினையின் முன்னால் ஒட்டிவிட்டால் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டாம். "ராக்ட" என்றால் எனக்குத் தா. "வர்க்ட" என்றால் அவனுக்குக் கொடு. பழைய தமிழ் இலக்கணமும் தா, வா இரண்டும் தன்மை முன்னிலைக்கு, கொடு, செல் இரண்டும் படர்க்கைக்கு என்றுதானே பிரித்தது? நாம் அந்தப் பிரிவைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டோம். மலையாளிகள் இன்னும் "தரு", "கொடு" என்று கறாராக இருக்கிறார்கள். உறவே இல்லாத ஒரு மொழி அதே வேலையை வேறு கருவியால் செய்துகொண்டிருக்கிறது. வருவது போவதற்கும் இதே ரா, தர், வர் உண்டு.

பயப்பட வேண்டிய பாதி இறந்தகாலம். நிகழ்காலத்தில் வினை "நான்" என்பதைப் பார்த்து விகுதி போட்டுக்கொள்ளும். இறந்தகாலத்தில், செயப்படுபொருள் இருந்தால், வினை கட்சி மாறிவிடும். "ஸ" என்ற நான் "மா" ஆகிறது. வினை சாப்பிட்டவனை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பார்க்கத் தொடங்குகிறது. டோடை பெண்பால், அதனால் "மா டோடை வஃக்வட". புலாவ் ஆண்பால், அதற்குக் கடைசியில் இருக்கும் அகரம் உதிர்ந்துவிடும். சாப்பிட்டது ஆணா பெண்ணா என்று வினைக்குக் கவலையே இல்லை. இந்தியில் "நே" போட்டுத் திட்டு வாங்கியவர்களுக்கு இது பழைய காயம். புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, விதியைப் படிக்காதீர்கள். சாப்பிட்டேன், பார்த்தேன், சொன்னேன் என்று பத்து வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிடுங்கள்.

மொழியைப் படித்தால் பண்பாடு தானாக வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அது வெறும் பேச்சில்லை. "பஷ்தோ" என்ற சொல்லுக்கே இரண்டு பொருள்: ஒன்று மொழி, இன்னொன்று நடத்தை. "பஷ்தோ கவல்" என்றால் பஷ்தோ செய்தல், அதாவது ஒரு பஷ்தூன் நடந்துகொள்ள வேண்டியபடி நடப்பது. அவன் பஷ்தோ பேசுகிறான், ஆனால் பஷ்தோ செய்வதில்லை என்று ஒருவரைக் குறை சொல்ல முடியும். அந்த நடத்தை நெறிக்குத்தான் பஷ்தூன்வலி என்று பெயர். எழுதி வைத்த சட்டமில்லை. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டியது போல.

அதில் வெளியாட்கள் முதலில் பிடித்துக்கொள்கிற சொல் "பதல்". பழிவாங்குதல் என்று எழுதிவிடுவார்கள். நூறு வருஷம் கழித்துப் பழி தீர்த்துவிட்டு "அவசரப்பட்டுட்டேனே" என்றானாம் ஒரு பஷ்தூன், என்ற பழமொழியையும் கூடவே வைப்பார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். நாம் அன்றாடம் சொல்லும் "பதில்" இருக்கிறதே, அதுவும் பதலும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று, அவ்வளவுதான். அடிக்குப் பதில் அடியும் பதல், விருந்துக்குப் பதில் விருந்தும் பதல். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கல்யாணத்துக்கும் பதல் என்றுதான் பெயர். உதவி வாங்கிவிட்டு அதைத் திருப்பாமல் இருப்பது, பகையைத் திருப்பாமல் இருப்பதற்குச் சமமான அவமானம். இதை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் எழுதுவது பாதிக் கணக்கை மட்டும் காட்டுவது.

இன்னொரு சொல் "தர்பூர்". அகராதி சித்தப்பா பெரியப்பா மகன் என்று சொல்லும். அதே சொல்லுக்குப் போட்டியாளன் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி தேவைப்படும். நமக்கு ஒரு சொல் போதும்: பங்காளி. தாத்தாவின் நிலம் பேரன்களுக்குப் பங்காகும்போது வாய்க்காலில் தொடங்கி வரப்பில் முற்றும் பங்காளிச் சண்டைக்கு அங்கே "தர்பூர்வலி" என்று பெயர். வெளியாள் கைவைத்தால் பங்காளிகள் ஒன்றாகிவிடுவதும் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குப் பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை. அங்கே சித்தப்பா மகளைக் கட்டுவது முறையான கல்யாணம். என் ஓட்டுநரிடம் மாமன் மகளைக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம், சித்தப்பா மகளைக் கட்ட மாட்டோம் என்றபோது, இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

விருந்தோம்பலுக்கு "மேல்மஸ்தியா". அது நடக்கும் இடம் "ஹுஜ்ரா", ஆண்கள் கூடும் பொதுத் திண்ணை மாதிரியான விருந்தினர் கூடம். கயிற்றுக் கட்டில்கள், தேநீர், ஊர்க்கதை. வந்தவன் யார் என்று கேட்கும் முன் தேநீர் வந்துவிட வேண்டும். "நனவதய்" என்பது அதைவிடக் கடினமான கடமை. உள்ளே நுழைதல் என்பது அதன் நேர்ப்பொருள். எதிரியே வாசலுக்கு வந்து மன்னிப்போ அடைக்கலமோ கேட்டால் மறுக்கக் கூடாது. ஊர் வழக்குகளைத் தீர்க்க "ஜிர்கா", வட்டமாக உட்காரும் பெரியவர்கள் சபை.

அந்த வட்டத்தில் பெண்கள் பெரும்பாலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலைப் பகையை முடிக்க ஒரு வீட்டுச் சிறுமியை எதிரி வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் "ஸ்வரா" என்ற வழக்கம் இதே நெறியின் பெயரால்தான் நடந்தது. பாகிஸ்தானில் அது இப்போது சட்டப்படி குற்றம். பண்பாட்டை அறிமுகம் செய்கிற கட்டுரைகள் தேநீரோடு நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சபையில் இடமில்லாத பெண்களின் குரல் கேட்க வேண்டுமானால் "லண்டை" பக்கம் போக வேண்டும். குட்டையானது என்று பொருள். கடித்தால் ஆளைக் கொல்லும் குட்டிப் பாம்புக்கும் அந்தப் பெயர் உண்டு. இரண்டே அடி. நம் குறள் வெண்பாவில் முதலடி நீளம், அடுத்தது குட்டை. லண்டையில் நேர் தலைகீழ். முதலடிக்கு ஒன்பது அசை, இரண்டாமடிக்குப் பதின்மூன்று, முடிவு "மா" அல்லது "னா". பெயர் போடாமல், பெரும்பாலும் பெண்கள் கட்டிப் பாடியவை. காதலன், கிழக் கணவன், போர், பிரிவு, எதையும் விட்டுவைப்பதில்லை. அடிக்கடி வரும் இடம் "கூதர்", பெண்கள் குடத்தோடு தண்ணீர் எடுக்க வரும் துறை. குளத்தங்கரையில் எத்தனை காதல் தொடங்கியது என்று நமக்கா தெரியாது? 1880-இல் மைவந்த் போர்க்களத்தில் மலாலை என்ற பெண் லண்டை பாடித் தளர்ந்த படையைத் திருப்பினாள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. மலாலா யூசுப்சையின் பெயர் அவள் நினைவாக வைத்தது.

யூசுப்சை என்பதில் "ஸய்" என்றால் மக்கள், வழிவந்தோர். ஆப்கான் முன்னாள் அதிபர் கர்சாயின் பெயரிலும் அதே விகுதி. அப்ரிதி ஒரு குலப்பெயர், கைபர் கணவாய்ப் பக்கத்தவர்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இப்படிப் பாதிப் பெயர்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2025-இல் சென்னை அணிக்கு வந்து சுழற்பந்து வீசிய நூர் அகமதுவும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்தான்.

கவிஞர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் எந்த பஷ்தூனிடமும் பேச்சு நீளும். குஷால் கான் கட்டக், 1613-இல் பிறந்தவர். ஔரங்கசீப்பை எதிர்த்து வாளும் எழுதுகோலும் பிடித்த குலத்தலைவர். ரஹ்மான் பாபா, அவருக்கு அடுத்த தலைமுறை சூஃபி. பெஷாவரில் அவர் சமாதியை 2009-இல் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், பிறகு அது திரும்பக் கட்டப்பட்டது. ஈட்டிக்காரன் என்ற நம் பழைய படத்துக்கு எதிரில் வைக்க இன்னொருவர் இருக்கிறார்: நாம் எல்லை காந்தி என்று அழைத்த அப்துல் கஃபார் கான். 1929-இல் செஞ்சட்டைத் தொண்டர் படையைத் தொடங்கி, துப்பாக்கி தோளில் தொங்குகிற ஊரில் அகிம்சை பழக்கியவர். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா க்வானி கடைத்தெருவில் அந்த இயக்கத்தினர் ஆயுதமின்றி நின்று குண்டடி பட்டார்கள். அவர் பஷ்தோவிலேயே ஒரு பத்திரிகையும் நடத்தினார். தாய்மொழியில் படிக்காத மக்கள் எழ மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. ஆப்கானிஸ்தானில் பஷ்தோ ஆட்சிமொழிகளில் ஒன்று. பாகிஸ்தானில் பள்ளி பெரும்பாலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும்தான். என் கைப்பேசியில் இருந்த பஷ்தோ வரியைக் காட்டியபோது ஓட்டுநர் எழுத்துக்கூட்டி, பாதியில் நிறுத்தி, "உருது என்றால் ஓடும், இது வீட்டில் பேசுவது" என்றார். தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழைப் பற்றி இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தொடங்குவதாக இருந்தால் முதலில் எந்த ஊர்ப் பேச்சு என்று முடிவு செய்யுங்கள். வளைகுடாவில் பேசப் பெஷாவர் வழக்கு. ஆப்கான் பக்கம் என்றால் காந்தஹார். கலந்து படித்தால் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். முதல் வாரத்துக்கு "மனனா" (நன்றி), "த்ஸங்க யே" (எப்படி இருக்கிறாய்), "ஹவ்" (ஆமாம்), "ந" (இல்லை), பிரியும்போது "த ஃகுதாய் ப அமான்" (கடவுள் காவல்) போதும். எழுத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நாற்பத்து சொச்சம் எழுத்துகள், ஒரு நாளைக்கு இரண்டு என்றால்கூட ஒரு மாதத்துக்குள் கடைப்பலகை படிக்கலாம். பிபிசியின் பஷ்தோ செய்தியை அர்த்தம் புரியாவிட்டாலும் பின்னணியில் ஓடவிடுங்கள். எங்கே ஒரு சொல் முடிகிறது என்று காது முதலில் பிடிக்கட்டும். உருது எழுத்து முன்பே தெரிந்தவர்கள் துள்ள வேண்டாம். அங்கே இரண்டு "யே"யோடு தப்பித்திருப்பீர்கள். இங்கே ஐந்து. புள்ளி எங்கே, வால் எங்கே என்பதைப் பொறுத்து ஆண்பால், பெண்பால், ஏவல் என்று மாறிக்கொண்டிருக்கும். ஐந்தாவதை எப்போது போடுவது என்பதில் எனக்கு இன்னும் தகராறுதான்.